மரகதத்துக்கு மூன்று வயது குறைந்தது

மரகதக்காவுக்கு இரண்டு பிறந்த தேதிகள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் கொடுத்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 1970 ஜூன் 12. எஸ்டேட்டின் ஆள் பதிவேடான செக்ரோலில் 1967 ஜூன் 12. பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. அக்கா வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான்.

1986-இல் அக்கா பத்தாவது தேறினார். அதே மாதம் அவருடைய அப்பா சுடலைமுத்து தேயிலை கவ்வாத்து வெட்டும்போது கத்தி தவறி முழங்காலுக்குக் கீழே வெட்டிக்கொண்டு, மலைக்குப் போக முடியாமல் ஆனார். இலங்கையிலிருந்து கப்பலில் வந்த குடும்பம் அது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை விட்டால் போக வேறு இடமில்லை. குடும்பத்தில் ஒருவருக்காவது செக்ரோலில் முழுப் பேர் இருந்தால்தான் வீடு. பதினெட்டுக்குக் கீழே இருந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள், அதற்கு வீடு கிடையாது. எனவே மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்தார். அவருக்கும் தெரியும். அப்போது எல்லா வீட்டிலும் நடந்ததுதான்.

அப்பா சொன்னது, ரெண்டு வருசம்தான், கால் ஆறட்டும், அப்புறம் நீ படிக்கலாம் என்று. கால் ஆறவில்லை. அக்கா முப்பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்தார்.

நாற்பத்தொன்றாவது வயதில் தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதி, இரண்டாவது முறை தேறினார். பிறகு அஞ்சல் வழியில் வரலாறு பி.ஏ. மூன்று வருடப் படிப்பை முடிக்க அவருக்கு ஆறு வருடம் ஆனது. பாடப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, பால் பாக்கெட் கவருக்குள் போட்டு, தலையில் கட்டும் துண்டுக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போவார். தேநீர் நேரத்தில் மற்றவர்கள் வெற்றிலை எடுத்தால் இவர் அந்தக் கவரை எடுப்பார். "கலெக்டரம்மா, எங்களுக்கு எப்ப பட்டா தரப் போறீங்க" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பக்கத்து நிரை ராஜகுமாரி அக்கா மட்டும் சிரிக்காமல், மரகதம் புத்தகம் திறந்தால் மழை வருகிறது என்று கொழுந்து எடை எழுதும் ரைட்டரிடம் புகார் செய்வார்.

நான் ஆறு வருடம் வெளியே சுற்றிவிட்டு, கடந்த ஏப்ரலில் லயத்துக்குத் திரும்பி வந்திருந்தேன். காத்மாண்டு, ஜிரோ, லே என்று எங்கெங்கோ விடுதிகளில் வேலை செய்து, எங்கும் ஒரு வருடம் தாண்டாமல் ஓடியவள். என் அப்பா ஃபேக்டரியில் இருக்கிறார். எங்கள் வீடு அக்காவின் வீட்டுக்கு நான்காவது கதவு. வந்த இரண்டாம் நாள் அக்கா என்னைத் தேடி வந்தார். என்னிடம் லேப்டாப் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார். ஊட்டியில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வரலாறு, நேரில் போய்ப் படிக்கும் படிப்பு. விண்ணப்பம் போட வேண்டும்.

அஞ்சல் வழியிலேயே இதையும் படிக்கலாமே என்று கேட்டேன்.

"பி.ஏ. படிச்ச ஆறு வருசமும் ஒரு வாத்தியார் மூஞ்சியப் பாக்கல புள்ள. தப்பா படிச்சா தப்புன்னு சொல்ல ஆளில்ல. எனக்கு ஒரு பெஞ்சு வேணும். எம்.ஏ. முடிச்சுட்டு பி.எச்டி.யும் செய்யணும். அதுக்கு முதல்ல ஒருத்தர் எதுத்தாப்புல உக்காந்து என்னைக் கேள்வி கேக்கணும்."

அவர் போட்டிருந்த திட்டத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. எஸ்டேட் கணக்குப்படி ஐம்பத்தெட்டு முடிந்து 2025 ஜூன் 30-இல் ஓய்வு. ஓய்வு பெறுகிறவரின் பேர் வாரிசுக்குப் போகும். வீடும் அந்தப் பேரோடு குடும்பத்திலேயே இருக்கும். மகள் தீபலட்சுமி புருஷன் விட்டுப் போனதிலிருந்து நாலு வயதுப் பெண் குழந்தையோடு இங்கேதான் இருக்கிறாள். அவள் பேர் ஏறும். அக்காவின் கணவர் ஒச்சப்பன் முப்பது வருடம் ஃபேக்டரியில் தேயிலைத் தூசியை இழுத்து இழுத்து, இப்போது கதவுக்கும் கட்டிலுக்கும் இடையில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிறவர். அவரை மகள் பார்த்துக்கொள்வாள். அக்கா ஊட்டி காந்தலில் சித்தி மகள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போவார்.

"அப்பா கூட்டிப் போட்ட மூணு வயசு இப்பத்தான் எனக்கு உதவுது" என்றார். உண்மை வயதாக இருந்தால் இன்னும் மூன்று வருடம் மலையில் நிற்க வேண்டுமே.

ஜூன் முதல் வாரம் கல்லூரியில் சான்றிதழ் பார்த்தார்கள். லீவு போட்டுவிட்டு, முதல் பேருந்தில் இருவரும் போனோம். சேர்க்கையைக் கவனித்தவர் கெஸியா என்ற பேராசிரியர். அக்காவைவிட இருபது வயது இளையவர். மதிப்பெண்ணைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். தேயிலைச் சாறு ஏறிக் கறுத்த விரல்களை அக்கா மடியில் மறைத்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தது, ஆதாரைத் தவிர. ஆதார் எடுத்தபோது எஸ்டேட் அட்டையைக் காட்டித்தான் எடுத்திருந்தார்கள், அதில் 1967. பள்ளிப் புத்தகத்தில் 1970. இரண்டும் ஒன்றாக இல்லாமல் பதிவேற்ற முடியாது, ஆதாரைத் திருத்திக்கொண்டு இருபதாம் தேதிக்குள் வாருங்கள் என்றார் கெஸியா. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பந்தலூர் பஜாரில் இருக்கும் ஆதார் சென்டருக்கு மறுநாளே அக்காவை அழைத்துப் போனேன். அங்கிருந்த பையன் பள்ளிப் புத்தகத்தை ஸ்கேன் செய்துவிட்டு நிமிர்ந்து, பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற முடியும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றான். அக்கா என்னைப் பார்த்தார். "சரியான தேதிக்குத்தானே மாத்துறோம். மாத்துங்க" என்று நான்தான் சொன்னேன்.

பத்து நாளில் மாறிவிட்டது. இருபதாம் தேதி மறுபடி ஊட்டி. அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொண்டு, இடம் உறுதி என்ற சீட்டைக் கொடுத்தார்கள். ஜூலை 4-ஆம் தேதி நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வகுப்பில் சேர வேண்டும். திரும்பும்போது பேருந்து நடுவட்டம் தாண்டியதும், வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அக்கா கேட்டார். இருபது என்றேன். "நான் பின்னால உக்காரக் கூடாது. கண்ணு சரியாத் தெரியாது" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எஸ்டேட் ஆபீசில் ஓய்வுக் காகிதங்களைப் போடும்போது கிளார்க் முத்துவேல் அக்காவை ஆள் விட்டுக் கூப்பிட்டார். நானும் போனேன். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் காகிதம் உள்ளே போக மறுக்கிறது.

"என்னங்க மரகதம், உங்களுக்கு அம்பத்தஞ்சுதானுங்களாம். இப்ப எப்படி ரிட்டையர் பண்றது?"

அக்கா நடந்ததைச் சொன்னார். முத்துவேல் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். சர்க்கார் காகிதம் 1970 என்கிறது, பள்ளிக்கூடமும் அதையே சொல்கிறது, நீங்களே போய் மாற்றியிருக்கிறீர்கள். இனிமேல் செக்ரோலும் அதன்படிதான். ஓய்வு 2028 ஜூனில் என்றார்.

"அப்ப நான் எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கிறேன் சார்."

"நின்னுக்கலாமுங்க. ஆனா ராஜினாமாவுக்கு வாரிசுப் பேரு கெடையாது. ரிட்டையர்டு ஆனாத்தான். எழுதிக் குடுத்தா முப்பது நாள்ல ஊட்டு சாவிய இங்க வெக்கோணும். புரியுதுங்களா?"

அக்காவுக்குப் புரிந்தது. எனக்குத்தான் நேரமானது. நான் ஆதாரைத் திரும்பப் பழையபடி மாற்றலாம் என்று பேச ஆரம்பித்தேன். ஒரு தடவைதான் என்று பையன் சொன்னது பாதியில் நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மாலை லயத்தில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். மரகதத்துக்கு மூன்று வருட வேலை கூடிவிட்டது என்று செய்தி பரவி, பெண்கள் வரிசையாக வாழ்த்த வந்தார்கள். ஐம்பத்தெட்டு நெருங்கினால் வீடு என்ன ஆகும் என்று பயந்து சாகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு இது புதையல். ராஜகுமாரி அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"படிச்சதுக்குப் பலன் கெடச்சிருச்சு பாத்தியா. அந்த சென்டர் எங்கடி இருக்கு? எனக்கும் ஒரு நாலு வயசு கொறைக்கச் சொல்லேன். மூணு போதும்னா மூணு."

அக்கா பழத்தை வாங்கி வைத்துவிட்டு, உன்னிடம் பள்ளிக்கூடப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லையே என்றார் ராஜகுமாரி. "அப்ப நீ தப்பிச்ச" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார்.

மறுநாள் மேனேஜரைப் பார்க்கப் போனோம். அவர் இருபத்தெட்டு வயதுக்காரர். ஆனாலும் அக்கா தொரை என்றே கூப்பிட்டார். சம்பளமில்லாத லீவு இரண்டு வருடம் கேட்டார். முடியாது. வாரத்துக்கு மூன்று நாள் வேலை? அப்படி ஒரு முறை இல்லை. மகளை வைத்துக்கொண்டு என்னை விடுங்கள் என்றார். ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார் அவர். பிறகு, 1986-இல் வயதைத் தவறாகச் சொல்லிச் சேர்ந்ததைப் பற்றி ஆபீஸ் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறது, அதைப் பெரிதாக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ள வெகுநேரம் ஆனது அவருக்கு. வார் விரலிடுக்கில் போகவேயில்லை.

வீட்டில் ஒச்சப்பன் மாமா மட்டும்தான் அக்காவைக் கல்லூரிக்குப் போகச் சொன்னார். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொன்னார்: தேனியில் அவருடைய தம்பி இருக்கிறார், அவரும் மகளும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடலாம். அந்தத் தம்பி பன்னிரண்டு வருடமாக ஒரு போன் போட்டதில்லை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

தீபலட்சுமி சுவரோடு சாய்ந்து குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"மூணு வருசந்தானேம்மா. அம்பத்தெட்டுல படிச்சா ஆகாதா?"

"எங்கப்பா ரெண்டுன்னு சொன்னாரு" என்றார் அக்கா.

தீபலட்சுமியின் கை நின்றது. "அப்ப நீ போ. போய்ப் படி. நானும் புள்ளையும் எங்க போறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. உனக்கு எழுதப் படிக்கத் தெரியும்ல, ஒரு தாள்ல எழுதி வச்சுட்டுப் போ."

குழந்தை பாதிப் பின்னலோடு எழுந்து தாத்தாவிடம் போய் நின்றது.

அந்த வாரம் அக்கா ராஜினாமாக் கடிதம் எழுதினார். எனக்குத் தெரிந்து மூன்று முறை. ஒவ்வொன்றையும் என்னிடம் கொண்டு வந்து பிழை பார்க்கச் சொன்னார். பிழையே இல்லை. மூன்றையும் அவரே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 4 வெள்ளிக்கிழமை. அக்கா மலைக்குப் போயிருந்தார். நான் எதற்கென்று தெரியாமல் அவருக்குப் பின்னாலேயே போய், எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றேன். பதினொன்றரைக்கு அக்கா எடை வரிசையில் நின்றபோது கெஸியா போன் செய்தார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, கொழுந்துச் சாக்கின் மேல் வைத்தார். கை ஈரமாக இருந்தது.

"மரகதம்மா, எல்லாரும் வந்துட்டாங்க. பஸ்ல இருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வெக்கலாம். அதுக்கு மேல வெயிட்டிங் லிஸ்ட்டுக்குக் கொடுக்கணும். என்ன செய்யட்டும்?"

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்த பெண் அக்காவின் சாக்கைக் காலால் ஓரடி முன்னே தள்ளினாள். போனும் அதோடு நகர்ந்தது. அக்கா குனிந்து அதனிடம் பேசினார்.

"குடுத்துருங்க மேடம். என் சர்ட்டிபிகேட் எல்லாம் அங்க இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் தொறந்திருக்குமா? எனக்கு இனிமே லீவு இல்ல."

ஞாயிறு மூடியிருக்கும் என்றார் கெஸியா. யாரையாவது அனுப்புங்கள், கடிதம் கொடுத்து அனுப்பினால் போதும் என்றும் சொன்னார். அக்காவின் முறை வந்தது. பதினேழு கிலோ என்று ரைட்டர் கூவினார்.

கடிதத்தோடு நான்தான் செவ்வாய்க்கிழமை போனேன். கல்லூரி ஆபீசில், அவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். பக்கத்து வீடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சன்னலுக்கு வெளியே புதுப் பிள்ளைகள் வகுப்பு அறை தேடி நடந்துகொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அந்தக் கவரோடு அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பக் கவருக்குள் போட்டு என்னிடமே நீட்டினார்.

"உங்க ஊட்டுலயே வச்சிரு."

என்னிடம் கோபமா என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல. நீ தப்பா எதுவும் சொல்லல. இங்க இருந்தா நான் தெனமும் எடுத்துப் பாப்பேன். அப்புறம் தீபா மூஞ்சிய என்னால பாக்க முடியாது." உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "2028 ஜூன்ல கேட்டு வாங்கிக்கிறேன். நீ அப்ப இங்க இருப்பியா?"

ஆகஸ்டில் மணாலியில் ஒரு விடுதியில் எனக்கு வேலை பேசியாகியிருந்தது. அக்காவுக்கு அது தெரியாது. கவரை வாங்கிக்கொண்டேன். அவர் பதிலுக்காக நின்றார்.