பஸ்ஸின் பின்பக்கம்

நாற்பத்தோரு வயதில் எனக்கு ஆட்டிசம் என்று தில்லைநகர் டாக்டரம்மா சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காதான் முதலில் பதறினாள்.

"என்னங்க சொல்றீங்க? கணக்கு டீச்சருங்க இவ! கை நிறைய சம்பாதிக்கிறா!"

என் சம்பளத்தைப் பார்த்து ஆட்டிசம் பயந்து ஓடிவிடுமாக்கும். திமிர் பிடித்தவள், யாரோடும் ஒட்டாதவள் என்று இத்தனை வருடம் வாங்கிய பேச்சுக்கெல்லாம் இதுதான் காரணமா என்று விக்கித்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பஸ்," என்றேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதே பிடிச்சவங்க எங்கயாச்சும் இருப்பாங்க. தேடிப் பாருங்க."

இருந்தார்கள்! அதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. பின்விளக்கைப் பார்த்தே கரூரில் கட்டிய பஸ் பாடியா, வெளியூர் பாடியா என்று சொல்லிவிடுகிற ஜனங்கள் வாட்ஸப்பில் ஒரு குரூப்பே வைத்திருந்தார்கள். கியர் மாற்றும் சத்தத்தைப் பற்றி நான் பத்து வரி எழுதினால் இருபது வரியில் பதில் வந்தது. வீட்டில் நான் பஸ் என்று வாயைத் திறந்தாலே அக்காவுக்கு அடுப்பில் ஏதாவது தீய ஆரம்பித்துவிடும்.

குரூப்பில் திருச்சிக்காரர்கள் என்னோடு சேர்த்து நாலு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் சந்திப்பதாக முடிவானது. "பாத்துடி, பேசிப் பேசி அவங்கள விரட்டிடாத," என்றாள் அக்கா. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் பயமும்தான். காலேஜிலும் ஸ்டாஃப் ரூமிலும் ஒட்டப் பார்த்து உதிர்ந்து போனவள் நான். இதுவும் போய்விட்டால் இனி எந்த மனுஷரையும் தேடிப் போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஸ்ரீரங்கத்தில் டவுன் பஸ் ஏறினேன்.

ஒரு மணி நேரம் நின்றேன். ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம், ஆனால் போனில் பேசுவது எனக்கு ஆகவே ஆகாது; குரூப்பில் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதியதையும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. எந்தெந்த பஸ் எப்போது வரும் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டோமே தவிர, யார் எப்படி இருப்போம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லார் படமும் பஸ் படம். நல்ல லட்சணம் போ!

கிளம்பிவிடலாம் என்று பையைத் தோளில் மாட்டினேன். அந்த நேரம் பார்த்து, ஜீயபுரம் வழியாகக் குளித்தலை போகும் தனியார் பஸ் ஒன்று புது பாடியோடு பளபளவென்று உள்ளே நுழைந்தது. கூட்டம் மொத்தமும் ஜன்னல் வழியே கைக்குட்டையை வீசி சீட் பிடிக்க முன்னால் ஓடியது. நான் பின்பக்கத்துக்கு ஓடினேன். புது பாடியில் கூரைக்கு ஏறும் ஏணியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

ஏணிக்குக் கீழே ஏற்கெனவே மூன்று பேர் நின்றார்கள். ஹெல்மெட்டும் கையுமாக ஒருவர், நரைத்த மீசைக்காரர் ஒருவர், இத்தனை நேரமும் என் தோளை இடித்துக்கொண்டு நின்ற சுடிதார் அம்மா.

"கரூர் பாடி," என்றார் மீசைக்காரர், யாரிடம் என்று இல்லாமல்.

"ஏணி வளைவைப் பாத்துமா அப்படிச் சொல்றீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"குரூப்பா?" என்றார் ஹெல்மெட்காரர்.

"அடப்பாவமே! ஒரு மணி நேரமா இவங்க பக்கத்துலதாங்க நிக்கிறேன்!" என்று சுடிதார் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வந்து போன பஸ்களைத்தான் பார்த்திருக்கிறோம்.

டீக்கடையில் நான்தான் ஓயாமல் பேசினேன். நடுவில் அக்கா சொன்னது நினைவுக்கு வந்து பகீரென்றது. பதற்றத்தில், "எனக்கு ஆட்டிசம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க," என்று போட்டு உடைத்துவிட்டேன். முடிந்தது, எழுந்து போய்விடுவார்கள் என்று கையைப் பிசைந்தேன்.

"அப்படிங்களா," என்று மீசைக்காரர் டீயை ஊதினார். "சரி, அந்த ஏணி விஷயத்த முடிங்க. பாதில நிக்குது."

முடித்தேன். அதற்கு அரை மணி ஆயிற்று.

கிளம்பும்போது சுடிதார் அம்மா, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் கண்டிப்பா வந்துடுங்க," என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமே இல்லை.