பழைய முகவரிக்குப் போன அழைப்பு

வேலாயுதத்தின் வேலை போனதற்குக் காரணம் நான். தவறைச் செய்தவன் நான். அதை மறைத்தவன் நான். அவர்தான் செய்தார் என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டவனும் நான்!

இதைச் சொல்ல எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. உடனே இரக்கப்பட்டுவிடாதீர்கள். வயதானவன், மனம் நொந்து எழுதுகிறான் என்று நீங்கள் தலையாட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும். முழுவதும் கேளுங்கள். கேட்டபின் உங்களுக்கும் என்மேல் கோபம் வரட்டும்.

எழுபதுகளின் இறுதி. போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் ஓர் அரசு அலுவலகம். பெயர் வேண்டாம். கடல்மட்டம், காற்று, மழை... இவற்றை அளந்து பதிவது எங்கள் பணி. அதற்கென்று மெயின்லேண்டிலிருந்து, அதாவது இந்தியப் பெருநிலத்திலிருந்து, கப்பலில் ஒரு கணிப்பொறி வந்திறங்கியது. இரும்பு பீரோ அளவு இருக்கும். அதன் உள்விவகாரம் அறிந்தவன் அந்தத் தீவில் நான் ஒருவனே. இருபத்தெட்டு வயது. என்ன கர்வம் எனக்கு! கடைத்தெருவில்கூட என்னை "மிஷின் சாப்" என்றுதான் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்ப்பதற்குமுன் ஒரு கணம் காத்திருப்பேன், இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று.

வேலாயுதம் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரு நாட்டு ஒப்பந்தம் அவரைக் கப்பலேற்றியது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியது. மகளைப் படிக்க வைக்கவேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில் போர்ட் பிளேர் வந்து, மின்னி பேயில் ஓர் அறை பிடித்து, எங்கள் அலுவலகத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தார். கணிப்பொறியில் நாடாக்களைப் பொருத்துவதும் பதிவேடு எழுதுவதும் அவர் வேலை. தாளில் எழுதிக் கொடுத்த வரிசையிலிருந்து ஒருநாளும் பிசகாதவர்.

"எஸ்டேட்டுல தொரை சொன்னா கொழுந்து கிள்ளணும். இங்க மிஷின் சொன்னா நாடா மாட்டணும். தொரை திட்டுவாரு, இது திட்டாது. அம்புட்டுத்தான் சார் வித்தியாசம்" என்பார்.

அவரை நிரந்தரமாக்கும் கோப்பு மேசை மேசையாக ஊர்ந்து கடைசிக் கையெழுத்துக்கு வந்திருந்தது. அது கிடைத்தால் குவார்ட்டர்ஸ். மகளின் படிப்பு தொடரும். கிடைக்காவிட்டால் மறுபடியும் கச்சால், ரப்பர் மரம். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்... அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் செய்தது என்னவென்று புரிய, எந்திரத்தின் நடைமுறை கொஞ்சம் தெரியவேண்டும்.

ஒரு நிரல் என்பது பல சிறு வேலைகளின் தொகுப்பு. ஒரு வேலை இன்னொன்றை அழைக்கும்: "இதைச் செய்து முடித்துத் திரும்பி வா" என்று. நாம் எழுதும்போது பெயரைச் சொல்லி அழைக்கிறோம். எந்திரத்துக்குப் பெயர் தெரியாது. நினைவகத்தில் எத்தனையாவது இடம் என்ற எண் மட்டுமே தெரியும். கம்பைலர் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எந்திர மொழிக்கு மாற்றும். அடுத்த துண்டு எங்கே போய் அமரும் என்று அதற்குத் தெரியாததால், அழைப்பு வரும் இடத்தில் எண்ணை நிரப்பாமல் பெயரை மட்டும் குறித்து வைக்கும். பிறகு லிங்க்கர் என்னும் இணைப்பு நிரல் வரும். எல்லாத் துண்டுகளையும் வரிசையாக அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று பார்த்து, விடுபட்ட இடங்களில் எல்லாம் எண்ணை நிரப்பும். ஒரு துண்டு நகர்ந்தாலும் மறுபடி நிரப்பியாக வேண்டும். சோம்பல் பட்டால் அழைப்பு பழைய இடத்துக்கே போகும். அங்கே இப்போது யார் இருக்கிறார்களோ, அவர்கள் வீட்டுக்குள் புகுந்துவிடும்!

சாதாரண நிரலில் இப்படி நேர்ந்தால் மேலே இருக்கும் கட்டுப்பாட்டு நிரல் பிடித்து நிறுத்த வழி உண்டு. கெர்னல் என்கிறீர்களே, அதுதான். ஆனால் பிழை கெர்னலுக்குள்ளேயே இருந்தால்? அதைத் தட்டிக் கேட்க அதற்கு மேலே ஒருவரும் இல்லை.

எந்திரத்தைத் துவக்கும்போதெல்லாம் நினைவகத்தில் ஏற்ற, நிரல்களைத் துளைகளாகப் பதித்த இரண்டு காகித நாடாக்கள் எங்களிடம் இருந்தன. முதலாவதில் கெர்னல். இரண்டாவதில் அது அழைக்கும் வேலைகள். மணிக்கொரு முறை கெர்னல் "பதிவு செய்" என்ற வேலையை அழைக்கும். அது அளவுகளைக் காந்த நாடாவில் எழுதும்.

நான் விடுப்பில் ஊருக்குப் புறப்பட்ட அன்று காலை, அந்த இரண்டாவது நாடாவில் ஒரு திருத்தம் செய்தேன். வேலைகள் நீண்டு, இடம் மாறின. "பதிவு செய்" 2400-லிருந்து 3150-க்குப் போயிற்று. முறைப்படி கெர்னலையும் மறுபடி இணைத்து, அதற்கும் புது நாடா துளைக்கவேண்டும். இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஈரக்காற்றில் நாடா ஊறிப்போய் அடிக்கடி சிக்கும். அப்படியானால் மூன்று மணி நேரம். கப்பலோ மதியம்!

என்ன செய்தேன் தெரியுமா? எந்திரத்தின் முகப்பில் இருந்த ஸ்விட்சுகளைத் தட்டி, நினைவகத்தில் கெர்னல் அழைக்கும் அந்த ஓர் இடத்தில் மட்டும் 3150 என்று கையால் மாற்றினேன். அரை நிமிட வேலை. ஓடியது. அழகாக ஓடியது! ஆனால் கெர்னலின் காகித நாடாவில் பழைய 2400 அப்படியே இருந்தது.

வேலாயுதம் பதிவேட்டைத் திறந்து, பேனாவோடு நின்றார்.

"சார், ஸ்விட்ச்சுல என்னமோ போட்டீங்களே... எழுதிக்கிறவா?"

"வந்து நானே எழுதிக்கிறேன். ஒண்ணும் கடபட் ஆகாது, கோளாறு வராது."

"ச்சுட்டி கெடச்சு ஊருக்குப் போற சந்தோசத்துல மறந்துறாதீங்க சார்" என்று சிரித்தார்.

நான் மறக்கவில்லை. எழுதவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, புயல் மழையில் மின்சாரம் போய் எந்திரம் நின்றது. மின்சாரம் வந்ததும் வேலாயுதம் விதிப்படி செய்தார். முதல் நாடா, பிறகு இரண்டாம் நாடா, பிறகு துவக்கு பொத்தான். கெர்னல் 2400-ஐ அழைத்தது. அங்கே அப்போது இருந்தது வேறொரு வேலை. புதுக் காந்த நாடா பொருத்தும்போது அதை முழுவதும் அழித்துத் துடைக்கும் வேலை! அதன் தலைவாசலில் ஒரு காவல் வைத்திருந்தேன்: இயக்குபவர் சிவப்பு ஸ்விட்சை அழுத்தினாரா என்று பார்த்த பிறகே அழிக்கும். ஆனால் பழைய முகவரிக்கு வந்த அழைப்பு தலைவாசல் வழியாக வரவில்லை. காவலைத் தாண்டி, வேலையின் நட்ட நடுவில் போய் விழுந்தது.

ஒரு பருவமழையின் அளவுகள் முழுவதும் அழிந்தன. நகல் எடுக்க வேண்டிய நாடா இன்னும் கப்பலில் வரவேண்டியிருந்தது.

நான் திரும்பியபோது மெயின்லேண்டிலிருந்து விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்திருந்தார். எந்திர அறைக்குள் போனேன். முகப்பு விளக்குகளில், அன்று கையால் மாற்றிய அந்த இடத்தின் எண்ணைப் படித்தேன். 2400. நின்றபடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது... அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்! கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. நான் கதவைத் தாழிட்டேன். கெர்னலை முறைப்படி மறுபடி இணைத்தேன். புது நாடா துளைத்தேன். அன்று ஒரு முறைகூடச் சிக்கவில்லை, பாவி நாடா! பழைய நாடாவைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு மரைன் ஹில் பக்கம் இறங்கி நடந்து, கடலில் எறிந்தேன்.

மறுநாள் விசாரணை. அதிகாரியின் வாதம் எளிது. சிவப்பு ஸ்விட்சை அழுத்தாமல் அழிக்கும் வேலை ஓடாது. அறையில் இருந்தவர் ஒருவர். ஆகவே அழுத்தியவர் அவர்.

"தொடவே இல்லீங்க ஐயா. எம்மக மேல சத்தியமா தொடல. நாடா ரெண்டையும் மாட்டினேன், பொத்தான அமுக்கினேன். காந்த நாடா சக்கரம் தானா பின்னால சுத்திச்சு."

"தானா சுத்திச்சா? பேய் பிடிச்சிருக்கும்" என்றார் அதிகாரி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேலாயுதம் என்னைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார் ஊருக்குப் போறன்னைக்கி ஸ்விட்ச்சுல என்னமோ போட்டாருங்க. புஸ்தகத்துல எழுத வேணாம்ன்னாரு."

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். "கடிகார நேரத்தைச் சரிசெய்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேண்டுமானால் இப்போதே அதே நாடாக்களை ஏற்றி ஓட்டிக் காட்டுகிறேன்."

ஓட்டிக் காட்டினேன்! முந்தைய நாள் துளைத்த புது நாடாவை ஏற்றினேன். எந்திரம் பிசகில்லாமல் மணிக்கணக்கில் ஓடியது. வேலாயுதம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கண்ணையே நம்பாமல் போன ஒரு மனிதனின் முகம் அது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, தொழில்நுட்ப அறிக்கையில் "இயக்குபவரின் பிழை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கோப்பு திரும்பிப் போனது. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வோடு மாற்றல்.

என் மகனும் இதே தொழில்தான். சென்ற மாதம் அவனிடம் எந்திரத்தின் கதையை மட்டும் சொன்னேன், மனிதனை விட்டுவிட்டு. "பழைய முகவரிதானேப்பா? ரொம்ப சகஜம்" என்றான். சகஜமாம்! உண்மைதான், அந்தப் பிழை சகஜம். திறமையுள்ள எவனுக்கும் நேரும். அதற்காகவா நான் இங்கே கத்திக்கொண்டிருக்கிறேன்? ஓர் எண்ணை மாற்றாமல் விட்டதற்கு ஒரு திட்டோடு போயிருக்கும் எனக்கு. வேலைகூடப் போயிருக்காது! அந்த ஒரு திட்டை வாங்கத் துணிவில்லாமல் ஒரு குடும்பத்தைக் கப்பலேற்றினேன். "அழித்தது நீ இல்லை, எந்திரம்தான்" என்று எனக்கு நானே எத்தனை ஆண்டுகள் சமாதானம் சொல்லியிருப்பேன்... எந்திரம் சொன்னதைச் செய்தது. வேலாயுதமும் சொன்னதைச் செய்தார். அந்த அறையில் பொய் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவனே!

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. இதை எழுதத்தான் கை வரவில்லை.

கச்சால் போகும் கப்பல் புறப்படும் நாளில் நான் கப்பல் துறையில் இருந்தேன். அவரை வழியனுப்ப இல்லை. அலுவலகப் பெட்டி ஒன்றை எடுக்க வந்திருந்தேன். தகரப் பெட்டியும் மூட்டைகளுமாக வரிசையில் நின்றார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் தன் பள்ளிக்கூடப் பையை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர் வரிசையை விட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். மனசு கெடந்து அடிச்சுக்குது."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அன்னைக்கி பெரிய ஐயா முன்னாடி உங்க பேர இழுத்துட்டேன். ஸ்விட்ச்சு அது இதுன்னு... பயத்துல ஒளறிட்டேன் சார். நீங்கதான் ஓட்டிக் காமிச்சீங்களே. மின்சாரம் போன பதட்டத்துல என் கைதான் எங்கயோ பட்டிருக்கணும். உங்கள சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுருங்க சார்."

கப்பலின் சங்கு ஊதியது. சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை வேலாயுதம்" என்றேன். "நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டேன். போய்வாருங்கள்."

அவர் முகம் தெளிந்தது. கும்பிட்டார். ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, மகளை முன்னால் விட்டுக் கப்பலுக்குப் போட்ட பலகையில் ஏறினார்.

அவர் ஏறியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆம், நிம்மதி! அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.