ஐஸ் தொட்டிக்கு ஒரு நற்சான்று

தண்ணீரில் கிருமி தேடுவதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அதில் பாதி நாள் போத்தலோடு ஆட்களின் பின்னால் அலைவதிலேயே போய்விடும். ஆய்வுகூடங்களில் இருக்கும் சக பாவிகளுக்கு இது புதிதல்ல. முல்லைத்தீவுக் கடற்கரையில் ராசன் அண்ணையின் மீன் வாடிக்கு, அதாவது மீனை வெட்டி ஐஸில் வைக்கும் கொட்டிலுக்கு, நான் அலைந்ததைக் கேளுங்கள்.

கழுவின போத்தல்

வாடியில் ஒரு சீமெந்துத் தொட்டி. கிணற்றுத் தண்ணீரும் ஐஸும் நிரப்பி அதில்தான் மீனைப் போடுவார்கள். கிணற்றுக்குப் பக்கத்திலேயே மீன் கழிவுக் கிடங்கு. அதனால்தான் என்னை அனுப்பினார்கள். அன்றைக்குத் தொட்டி காலி. கிருமி நீக்கிய போத்தலை அவரிடம் கொடுத்து, நிரப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போத்தல் பளபளவென்று இருந்தது, சவர்க்கார வாசம் வேறு.

"சும்மா குடுக்கேலுமே தம்பி? மூண்டு தரம் கழுவித்தான் நிரப்பினனான்."

பெட்டிக்குள் ஐஸ்

இரண்டாம் முறை நானே அள்ளினேன். கிளிநொச்சியில் என் ஆய்வுகூடத்துக்கு வந்து சேரும்வரை போத்தல் குளிராக இருக்க வேண்டும். நான் கொண்டுபோன ஐஸ் வழியிலேயே கரைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவரிடமே கேட்டேன். அங்கே மீன் வெட்டும் புஸ்பம் அக்கா சிரித்தார். முந்தின நாள் கெளுத்தி முள் குத்திய வலக்கை விரலில் சீலை சுற்றியிருந்தார். அந்தக் கை கத்தி பிடித்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். ராசன் அண்ணை ஐஸை அள்ளிப் போட்டார்.

"என்ர ஐஸ் பிழையோ எண்டு பாக்க, என்ர ஐஸிலயே வைச்சுக் கொண்டுபோறியள், என்ன?"

குளோரின் தூள்

அந்தத் தண்ணீரில் எதுவும் வளரவில்லை. 'எடுத்த மாதிரியில் கிருமி இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டிய சந்தோசத்தில் வாயைத் திறந்தார்: வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குப் போடக் கொடுத்த தூளில் மிச்சத்தை, நான் தண்ணீர் அள்ள வருவதற்கு முதல்நாள் தொட்டியில் கொட்டியிருக்கிறார். தொட்டிச் சுவரைத் தடவினேன், வழுக்கியது. கிருமிகள் கூட்டமாக ஒட்டி, தங்களைச் சுற்றிப் பசை பூசிக்கொண்டு வாழும் படலம் அது. தூள் அதற்குள் சரியாக இறங்காது. சுவரைச் சுரண்டி எடுத்துக்கொண்டேன். கடுதாசியை அடுத்த அறிக்கையோடு மாற்றலாம் என்று விட்டுவிட்டேன்.

"சுவரை ஆர் தம்பி குடிக்கிறது?"

ஐந்து நாள் குளிசை

அடுத்த வாரம் புஸ்பம் அக்கா வீங்கிய விரலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சீழ் என் மேசைக்கு வந்தது. தட்டில் கிருமியை வளர்த்து, மருந்து தோய்த்த சிறு வட்டத் தாள்களை வைப்போம். மருந்து வேலை செய்தால் தாளைச் சுற்றி வெறுமையாக இருக்கும். இதில் இரண்டைத் தவிர எல்லாத் தாளின் விளிம்புவரையும் கிருமி வளர்ந்திருந்தது. தொட்டிச் சுவரில் சுரண்டியதும் அதே வகைக் கிருமி. அதே மருந்துகளுக்கு அசையவில்லை. கடையில் வாங்கிய ஐந்து நாள் கிருமிக்கொல்லிக் குளிசையில் இரண்டு நாளைக்குத்தான் போட்டாராம்.

"நோ குறைஞ்சிட்டுது தம்பி. மிச்சத்தை எங்கட மனிசனுக்குப் பல்லுக்கொதிக்குக் குடுத்திட்டன். வீணாக்கேலுமே?"

மேல் கணு

மிஞ்சிய இரண்டு மருந்தில் ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். கை தப்பியது, விரலில் மேல் கணு போய்விட்டது. நான் வாடிக்குப் போய், ராசன் அண்ணையைக் கொண்டு தொட்டிச் சுவரை உரஞ்சுவித்தேன். கடுதாசியை நானே கிழித்தேன். புஸ்பம் அக்கா இடக்கையால் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். காயத்தை எதில் கழுவினீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"கடுதாசி ஒட்டின நாளிலயிருந்து தொட்டித் தண்ணியிலதான் தம்பி. குளிருக்கு நோ தெரியேல்ல. கிருமி இல்லையெண்டு நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்?"

சக பாவிகளே, அந்தக் கடுதாசியில் நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதுதான் கரைச்சல்.