தரையில் வைத்த பம்பு

என் மகளுக்கு வீட்டில் 'திருப்புளி' என்றுதான் பெயர். ஐந்து வயதிலேயே ரேடியோவைக் கழற்றிப் பாயில் பரப்பினவள். இப்போது துணி துவைக்கும் மெஷின்களின் சர்க்யூட் போர்டை வீட்டிலேயே பழுது பார்க்கிறாள். எனக்குப் பேத்தி பிறந்து நான்கு மாதம். அவள் ஒரு தடவை சிரித்தால் போதும், எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

சில பழைய போர்டுகள் கடையில் கிடைப்பதில்லை. புதிதாகச் செய்ய, போர்டில் வேண்டாத செம்பைக் கரைக்கும் மருந்துத் தொட்டி ஒன்று கட்டினாள். நிமிர்த்தி வைத்த புத்தகம் மாதிரி ஒடுக்கமான கண்ணாடித் தொட்டி. சூடாக்க மீன் தொட்டி ஹீட்டர். அடியில் துளை போட்டுச் செருகிய குழாயில் காற்றுப் பம்பு குமிழி விடும்.

மாப்பிள்ளைக்குப் பயம். "கைக்குழந்தை இருக்கிற வீடு. ஒரு சொட்டு வெளிய வந்தாலும் தொட்டி தெருவுக்குத்தான்."

தொட்டி போனால் இவள் பழைய கம்பெனிக்கே திரும்பணும். பேத்தி காப்பகத்துக்கு.

மருந்து ஊற்றும் முன் வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். பம்பு இரைச்சலில் குழந்தை விழித்துவிடும் என்று, தொட்டி இருந்த மேசைக்குக் கீழே மடித்த துண்டின்மேல் பம்பை வைத்திருந்தாள். ஒட்டின மூலைகளைத் தடவினோம். எங்கும் ஈரமில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் என் கால் நனைந்தது. துள்ளி விலகினேன்.

"என்ன மாமா, பாப்பாவா?"

"அது தொட்டில்ல தூங்குது மாப்பிள்ளை!"

குனிந்தால் துண்டு மிதக்கிறது. காற்று நின்றதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி, பம்புக்குள் புகுந்து தரைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வாயைத் திறக்கும் முன் திருப்புளி முந்திக்கொண்டாள்.

"என் மடத்தனம்தான். சத்தத்துக்குப் பயந்து கீழ வெச்சேன். மேல வெச்சா தண்ணி ஏறிப் போகாது."

"மறுபடி கரண்ட் போனா?"

"நீங்களே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க."

பம்பைத் துடைத்துக் காயவைத்து, தொட்டிக்கு மேலே அலமாரியில் ஏற்றினாள். கரண்ட் வந்ததும் மாப்பிள்ளை பன்னிரண்டு தடவை பிளக்கைப் பிடுங்கினார். தரையைக் கையால் தடவினார். ஒரு சொட்டு இல்லை.

அவர் செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"இந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் வாங்க. நாளைக்கு உன் பொண்ணு தவழுவா இல்ல?"