மூத்தவன் பார்த்துச் சொல்லும் வரை

ஊரில் சதுரங்கம் என்றால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். இங்கே திருவனந்தபுரத்தில், நான் கூட்டித் துடைக்கும் மாடி அறையில், ஆளே இல்லாமல் அது நடக்கிறது. திரையில் காய்கள் தாமாக நகர்கின்றன. பக்கத்தில் வரிசையாகப் பச்சைக் கோடுகள் ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு கோடும் ஒரு பிராசஸர், பெட்டிக்குள் இருக்கும் ஒரு மூளை என்று பிந்து மேடம் சொன்னார். அந்த ஆட்டத்தின் புரோகிராமை எழுதுகிறவர் அவர். அன்று ஒரு கோடு மட்டும் உச்சியில் நின்றது. மற்றவை தரையோடு கிடந்தன.

"எந்தா அண்ணாச்சி, செஸ் அறியுமோ?" என்றார் மேடம்.

தெரியாது என்று தலையாட்டினேன். தமிழ் பேசும் வேலைக்காரன் எவனும் இந்த ஊரில் அண்ணாச்சிதான். என்னை அண்ணன் என்று கூப்பிட உரிமையுள்ளவன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். மற்ற மூளைகள் ஏன் சும்மா கிடக்கின்றன என்று கேட்க எனக்கு மதியம் வரை ஆனது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கூச்சமும் கூட.

மேடம் பாதித் தமிழில் விளக்கினார். ஒரு கட்டத்தில் காயை நகர்த்தக்கூடிய வழிகள் எல்லாம் அண்ணன் தம்பிகள் போல. நல்லதாகத் தோன்றுவதுதான் மூத்தவன். முதலில் அவனை மட்டும் ஒரு மூளை ஆழமாகப் பார்க்கும். அது ஒரு மதிப்பெண் சொன்ன பிறகே இளையவர்களை மற்ற மூளைகள் பங்கிட்டுக்கொள்ளும். மூத்தவனே போதும் என்றாகிவிட்டால் இளையவர்களைப் பார்க்கவே வேண்டாம், அத்தனை வேலையும் மிச்சம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் முடிவானது. திருநெல்வேலிப் பக்கம் செங்கல் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது, "ரெண்டு பேரும் ஒண்ணாப் போகாண்டாம். மூத்தவன் போயிப் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றாள் அம்மை. தம்பி செல்லத்துரை சூளையில் நின்றான். நான் இந்த ஊர் சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடைக்கு வந்து குழாய் சுமந்தேன். முட்டி போன பிறகு விளக்குமாறு. இந்த வாழ்க்கைக்கு என்ன மதிப்பெண் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பட்டினி இல்லை. பக்கத்து அறைக்காரருக்கு என் பெயரும் தெரியாது. ஊரில் இருந்தால் இதைவிட மேலா என்றால் அதுவும் இல்லை.

போன மாதம் தம்பி போனில் கேட்டான்.

"அண்ணே, நல்லா இருந்தா என்னைய எப்பவோ கூப்பிட்டிருப்ப. மோசமா இருந்தா திரும்பி வந்திருப்ப. ரெண்டும் இல்லாம அங்கன என்னத்தப் பாத்துட்டு இருக்க? இங்க கடைசிச் சூளையும் அணையப் போவுது."

"பாத்துட்டுச் சொல்லுதேம்ல."

"இதையேதான் சொல்லுத. எனக்கும் நரச்சிட்டு."

இந்த வாரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெரிய கம்ப்யூட்டரை விற்கிறார்களாம். இனி எங்கோ தூரத்தில் இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டரில் ஆட்டம் ஓடுமாம். அறை காலியாகிறது. காலி அறைக்குக் கூட்டுகிறவன் எதற்கு? சாவியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்துவிடச் சொன்னார்.

வியாழக்கிழமை மேடத்திடம் கேட்டேன். "மூத்தவன் பாத்தது ஒண்ணுக்கும் ஆகலன்னா, அதுவரை காத்துக் கிடந்ததுகளுக்கு என்ன மேடம்?"

ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "ஸமயம் போயி, அத்ரயே உள்ளூ." நேரம் போனது, அவ்வளவுதான்.

"அது பழைய ரீதி அண்ணாச்சி. புதியதில் ஆரும் ஆருக்கும் காத்திருக்க வேண்டா. எல்லாம் ஒரே சமயம் தொடங்கும். கண்டதைப் பொதுவா ஒரு இடத்தில் எழுதி வைக்கும், மற்றவன் அதை நோக்கிட்டுப் போகும்" என்று ஒரு பொத்தானைத் தட்டினார். கோடுகள் எல்லாம் ஒன்றாக எழுந்து உச்சியில் நின்றன. பெட்டிக்குள் விசிறிகள் இரைந்தன.

"நல்ல பங்கியில்லே?"

அழகுதான் என்றேன். நான் கண்டதில் ஒரு வரிகூட எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சாப்பிட்டேன், சுகம் என்பதற்கு மேல் தம்பியிடம் நான் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை அறையைக் கடைசியாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அண்ணே, களியக்காவிளை எல்லையத் தாண்டிட்டோம். என் பொஞ்சாதியும் பிள்ளையும் கூட இருக்காங்க. அம்மையத் தனியா விட மனசில்ல, அவளும் வாரா. வீட்டப் பூட்டியாச்சு. இனி நீ பாத்துச் சொல்லாண்டாம்."

எனக்கு வேலை போய்விட்டது என்பது நாக்கு வரை வந்தது. "தம்பானூர்ல எறங்கி அங்கனயே நில்லு" என்று மட்டும் சொன்னேன்.

சாவியை ஒப்படைக்க மறந்து பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மூட்டைகளுக்கு நடுவே நின்ற அம்மை என்னைக் கண்டதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். "மூத்தவன் கையில இருக்கட்டும்."

சட்டைப்பையில் அது மாடி அறைச் சாவியோடு உரசியது. பக்கத்தில் நாகர்கோவில் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்ணே போகணும்?" என்றான் தம்பி. நாலு பேரும் என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்கள்.