கம்ப்யூட்டருக்குத் தீட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் போட்டதுமே என் கம்ப்யூட்டர் கொளகொளவென்று சத்தம் எழுப்பியது. நடுநடுவே கர்ரென்று இழுத்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும், வீட்டுக்கு வீடு தறி. எங்கள் கூடத்திலேயே இரண்டு. அத்தனை தடதடப்புக்கு நடுவிலும் இந்தச் சத்தம் மட்டும் என் மாமியார் காதில் சுத்தமாக விழுந்துவிட்டது.

"நேத்து நீ தூரமா இருக்கசொல்ல அதைத் தொட்டியே, அதான் கத்திக்கினு இருக்குது" என்றார்.

தொட்டது உண்மைதான். பூசையன்று காலை மாதவிலக்கு வந்துவிட்டது. பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைவது என் தொழில். பாதியில் நின்ற ஒரு முந்தானையை முடித்து அனுப்பிவிட்டுத்தான் பின்கட்டில் ஒதுங்கி உட்கார்ந்தேன். அந்த நாட்களில் பட்டு நூலையும் தறியையும் தொடக் கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதற்குத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அது என் அறைக்குள்ளும் வந்தது.

"இனிமே அந்த மூணு நாளும் அந்த ரூம் பக்கமே போவாதம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதாமாதம் மூன்று நாள் காணாமல் போகிறவளுக்கு எந்தப் பட்டுக்கடைக்காரர் வேலை கொடுப்பார்? என் கணவர் தறியை விட்டு எழாமலே, "அம்மாகிட்ட இன்னாத்துக்கு வம்பு? மூணு நாளுதானே" என்றார். "உங்க தறிய மூணு நாளு நிறுத்தச் சொன்னா இப்டிச் சொல்லுவீங்களா?" என்று கேட்டேன். அவருக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விட்டது.

அன்று எனக்கு இரண்டாம் நாள். யாரிடமும் கேட்காமல் அறைக்குள் போய், கதவை வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டு, கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றினேன். அது சென்னையில் ஒரு கிராஃபிக்ஸ் ஆபீஸில் கழித்துவிட்ட மெஷின். உள்ளே சூடு தணிய ஒரு குட்டி பம்ப் தண்ணீர் மாதிரி ஒரு திரவத்தைக் குழாய் வழியாக முன்பக்கத்து ரேடியேட்டருக்குத் தள்ளும், ஆறியதும் அது திரும்பி வரும். முதலில் ஃபேன்களைச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். சத்தம் குறையவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பம்ப் மூடியில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டினேன். அங்கேதான் அரைத்துக்கொண்டிருந்தது. கேபினெட்டை லேசாகச் சாய்த்தால் சத்தம் மாறியது. பம்ப் கெட்டிருந்தால் சாய்த்ததற்கெல்லாம் ஏன் மாற வேண்டும்? உள்ளே காற்று புகுந்திருக்கிறது.

கூடத்துக்குப் போய், "நேத்து பூசையில கம்ப்யூட்டர எப்டி வெச்சீங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"நிமித்தி வெச்சா தட்டு நிக்கல. படுக்க வெச்சு மேல பொரி, பழமெல்லாம் வெச்சோம். அதுல லைட்டு எரிஞ்சா நல்லா இருக்கும்னு அம்மாதான் அதைப் போட்டு வெக்கச் சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பழைய மெஷின் என்பதால் திரவம் கொஞ்சம் வற்றி, அந்த இடத்தில் காற்று இருந்திருக்கும். நிமிர்ந்து நிற்கும்வரை அது ரேடியேட்டரின் மேல்முனையில் சும்மா கிடந்தது. படுக்கப்போட்டு ஓடவிட்டதும் பம்புக்குள் போய் மாட்டிக்கொண்டது. அவர்கள் பண்ணிய வேலைக்கு என் உடம்பின் மேல் பழி.

மெஷினை ஓடவிட்டு, முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினேன். கை கடுத்தது. கொளகொளப்பு பெரிதாகி, குழாய்க்குள் நகர்ந்து, ரேடியேட்டர் பக்கம் போய் ஓய்ந்தது. கீழே இறக்கி வைத்த பிறகும் சத்தமில்லை. சூடும் இறங்கியது. மாமியாரைக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொன்னேன். அவர் வாசற்படியிலேயே நின்று காதைத் தீட்டிக் கேட்டார்.

"அட, ஆமாம்! படுக்க வெச்சது எங்க தப்புதான். நீ எப்பவும்போல வேலையப் பாரும்மா" என்றார். திரும்பியவர் நின்று, "ஆனா மறுபடி கத்துச்சுன்னு வெச்சுக்கோ, அப்புறம் அந்த மூணு நாளு நீ தொடக் கூடாது. சரியா?" என்றார்.

சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். வெட்கமாகப் போயிற்று. காலையிலிருந்து நான் பாடுபட்டது எதற்கு? என்மேல் தீட்டில்லை என்று ஒரு பம்பை விட்டுச் சாட்சி சொல்ல வைக்கவா?

"அது கத்தும் அத்தை. பழைய பம்ப், என்னைக்காவது கத்தத்தான் செய்யும். அன்னைக்குத் தூரமா இருந்தாலும் நான்தான் தொடுவேன்."

அவர் முகம் சிவந்தது. "இன்னிக்கு இதைத் தொடுவேன்னு சொல்ற, நாளைக்குத் தறியத் தொடுவேன்னு சொல்லுவியா?"

அந்த நிமிடம்வரை நான் அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"தொடுவேன் அத்தை" என்றேன்.