ஏழு மணிக்குள் ஒரு வீடியோ

என் மகள் இரண்டாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டில் தினமும் மாலை ஆறேகால் மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிடுவோம். அது ஓடினால் வீடியோவில் அவள் குரலை மீறி அதன் கடகடப்புதான் கேட்கும். ஜன்னலையும் சாத்துவேன். புதுப்பட்டினத்தில் கடல் காற்று அந்த நேரத்தில்தான் எழும். அதுவும் போனுக்குள் புகுந்து இரையும். வியர்த்து வழிய அவள் பாயில் சம்மணமிட்டு உட்காருவாள். நான் எதிரே முட்டி போட்டுப் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

பள்ளியில் அந்த வருடம் கொண்டுவந்த வழக்கம் அது. பிள்ளை தினமும் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். பெற்றோர் அதைப் படமெடுத்து ஏழு மணிக்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போடாதவர்களின் பட்டியலை ஏழு ஐந்துக்கு மிஸ் போடுவார். அதில் என் மகள் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. வந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஆறரை மணியானால் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் கணிதம் படித்தவள். வேடந்தாங்கல் பக்கத்து ஊரிலிருந்து மூன்று வருடம் தினமும் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போய் வந்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபின் வேலைக்குப் போகவில்லை. "நீ படிச்ச படிப்பு பாப்பாவுக்காவது ஒதவட்டும்" என்று என் கணவர் சொன்னார். குத்திக் காட்டவில்லை, நம்பித்தான் சொன்னார். குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நம்புகிறவரிடம் என்ன சொல்வது?

என் முறை எளிது. பக்கத்தை நான் இரண்டு தடவை படித்துக் காட்டுவேன். அவள் என் பின்னாலேயே வரி வரியாகச் சொல்வாள். மூன்றாவது தடவை அவளே சொல்லும்போது படமெடுப்பேன். ஒரு எழுத்தில்கூடத் தடுமாறமாட்டாள். குழுவில் கைதட்டல்களும் இதயங்களும் வரிசையாக விழும். "சூப்பர் பாப்பா! எல்லாரும் இந்த வீடியோவைப் பாருங்க" என்று மிஸ் எழுதுவார். என் கணவர் அதைத் தன் ஷிப்டு நண்பர்களுக்கு அனுப்புவார், ஊரில் என் அப்பாவுக்கு அனுப்புவார்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் பகுதியில் குடியிருந்த அக்கா மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவர் மகளும் அதே வகுப்பு. அவர்கள் வீடியோ வேறு மாதிரி இருக்கும். பின்னால் பாத்திரம் உருளும். அந்தப் பெண் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து, எழுத்தின்மேல் விரலை அழுத்தி, "ம... ர... மர... த்தி... மரத்தி... ல்... மரத்தில்" என்று போவாள். நான்கு வரிக்கு மூன்று நிமிடம். நடுவே அக்காவின் குரல் கேட்கும்: "சீக்கிரம் படிச்சு முடிடி, தண்ணி நின்னுடப் போவுது." அந்த வீடியோவுக்கு ஒரு கட்டைவிரல் விழும். அதையும் பெரும்பாலும் நான்தான் போட்டிருப்பேன்.

மாடிப்படியில் ஒரு நாள் அக்கா என்னை நிறுத்தினார். "யம்மா, உன் பொண்ணு ரேடியோ கணக்கா பேசுது. எங்கூட்டது இன்னான்னா கல்லு பொறுக்கிகினு கீது. எனுக்கு ஒரு எயுத்து தெரியாது. நான் யார்கிட்ட போயி கேப்பேன், சொல்லு."

"வந்துடும்க்கா, அவசரப்படாதீங்க" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

அனுப்பிய வீடியோவை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது என் பழக்கம். அடுப்பில் ஏதாவது தெரிகிறதா, சுவரில் அழுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பேன். அப்படித்தான் ஒரு நாள் கவனித்தேன். மகள் சிட்டுக்குருவிப் பாடத்தைக் கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தாள். விரல் வரிக்கு வரி ஒழுங்காக நகர்ந்தது. ஆனால் பக்கத்தின் மூலையில் ஒரு பேருந்துப் படம் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேருந்துதான். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு புரண்டிருக்கின்றன. அவள் அடுத்த பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குருவிப் பாடத்தை வாசித்திருக்கிறாள்.

அதற்குள் அந்த வீடியோவுக்குப் பதினேழு இதயங்கள் விழுந்திருந்தன.

புத்தகத்தை எடுத்துச் சரியான பக்கத்தைத் திறந்து, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டேன். "இது என்ன?" என்றேன். அவள் அதைப் பார்க்கவில்லை. உதட்டுக்குள் பாடத்தை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கூடு?" என்றாள். அது 'தானியம்'. அடுத்த சொல்லுக்கும் முதலிலிருந்து ஓடினாள். எனக்குத் தெரிந்த ஓட்டம் அது. கல்லூரித் தேர்வில் ஒரு தேற்றத்தின் நடுவில் நின்றுவிட்டால், நானும் முதல் வரியிலிருந்துதான் ஓடிவருவேன். நான் முதல் வகுப்பில் தேறியவள். அந்தத் தேற்றங்கள் எதைச் சொல்கின்றன என்று அன்றும் எனக்குத் தெரியாது.

கணவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றியபடியே கேட்டார்.

"மனப்பாடம் பண்றதுன்னா சும்மாவா? எவ்ளோ அறிவு வேணும்? தானா வந்துடும், விடு. நீ எதுக்கெடுத்தாலும் பயந்துகினே இரு."

மறுநாளிலிருந்து எழுத்துகளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் மறுநாளும் ஏழு மணி வந்தது. எழுத்துக் கூட்டச் சொன்னால் அவள் அழுதாள். எப்போதும் பாராட்டு வாங்கியே பழகிய பிள்ளை. தடுமாறுவது அவளுக்கு அடி வாங்குவது மாதிரி இருந்தது. ஆறு நாற்பதுக்கு நான் தோற்றேன். சரி, இன்றைக்கு மட்டும் பழைய முறையில் வீடியோவை அனுப்பிவிட்டு அப்புறம் எழுத்துச் சொல்லித் தரலாம் என்று நினைத்தேன். வீடியோ முடிந்ததும் இரண்டு பேரும் துவண்டு போயிருந்தோம். அந்த 'இன்றைக்கு மட்டும்' ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது. திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். தடுமாறும் வீடியோவைப் போட்டால், இத்தனை நாள் வந்தது என்ன என்று கேட்பார்கள். போகப் போக அவளுக்கு மனப்பாடம் இன்னும் வேகமாக வந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் மிஸ் போன் செய்தார். அந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில், வீட்டில் எப்படிச் சொல்லித் தருகிறேன் என்று நான் பத்து நிமிடம் பேச வேண்டும் என்றார். "நீங்கதான் சரியான ஆளு" என்றார்.

கூட்டத்தன்று சீக்கிரமே போய், வராந்தாவில் மிஸ்ஸைத் தனியாகப் பிடித்து உண்மையைச் சொன்னேன். நாற்பது பிள்ளைகளின் நோட்டுகள் அவர் கையில் இருந்தன. அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டாம் கிளாஸ்தானே மேடம், நிறைய பசங்க அப்படித்தான். மெதுவா வந்துடும். ஆனா இன்னிக்கு இதைச் சொல்லிடாதீங்க. ஹெச்.எம்.கிட்ட உங்க வீடியோவைத்தான் காட்டியிருக்கேன். முதல் வரிசையில உக்காரப் போறாங்க."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். நாற்பது பேரில் ஒரு பிள்ளையாவது தேறிவிட்டது என்று அவரும் நம்ப வேண்டியிருந்தது.

பேசினேன். முதலில் நாம் படித்துக் காட்ட வேண்டும், அவர்கள் நம் பின்னால் சொல்ல வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்றேன். வீட்டில் எழுதி மனப்பாடம் செய்திருந்ததை நானும் ஒப்பித்தேன். பாதியில் கீழ் வீட்டு அக்கா எழுந்தார். வியாபாரத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்திருந்தார்.

"அத்தெல்லாம் படிச்சவங்களுக்கு சரி. படிச்சு காட்டுன்னா நான் இன்னாத்த காட்டுவேன்? ஐஸ் பொட்டியவா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெச்.எம். என்னைப் பார்த்தார். பதில் சொல்லியாக வேண்டும்.

"நான் தினமும் அந்தப் பக்கத்தைப் படிச்சு வாய்ஸ் அனுப்பறேன்க்கா. அதைப் போட்டுப் பாப்பாவைக் கேட்கச் சொல்லுங்க" என்றேன்.

முதலில் ஹெச்.எம். கைதட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். அக்காவுக்கு மட்டுமில்லாமல் குழுவுக்கே அனுப்புங்கள் என்று மிஸ் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மாலை நான்கு மணிக்கு என் குரல் எல்லா வீட்டுக்கும் போனது.

இரண்டு வாரத்தில் குழுவின் வீடியோக்கள் மாறிவிட்டன. திக்கித் திணறியவர்கள் ஒவ்வொருவராகச் சரளமாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் எங்கே மூச்சு விட்டேனோ அங்கேயே அவர்களும் மூச்சு விட்டார்கள். ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டி ஒரு சொல்லை இழுத்துவிட்டேன். அன்று ஐந்து பிள்ளைகள் அதே சொல்லை இழுத்தார்கள்.

கீழ் வீட்டுப் பெண்ணின் வீடியோவும் வந்தது. நாற்பது விநாடி. புத்தகம் மடியில் கிடந்தது. கண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கிண்ணத்தில் மூடி போட்டு மீன் குழம்பு எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"இந்தா, சங்கரா மீனு. உன் புண்ணியத்துல எம் பொண்ணு தலை நிமுந்துகிச்சு. மார்க்கெட்டுல அல்லாருக்கும் போட்டு காட்டினேன். 'இன்னா, உன் பொண்ணு கலெக்டரா ஆவப் போவுதா'ன்னு கேக்கறாளுங்க."

அந்தப் பெண் அம்மாவின் பின்னால் நின்றிருந்தாள். என் மகளின் கதைப் புத்தகம் ஒன்று தரையில் கிடந்தது. அதைத் திறந்து அவளிடம் நீட்டினேன். "இந்த ஒரு வரி படி, பார்ப்போம்."

ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் குனிந்து, விரலை அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்திருப்பாள். இப்போது பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாய்ஸ் போடுங்க ஆன்ட்டி" என்றாள்.

அக்கா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவர்கள் இறங்கிப் போனபின் அந்தக் கிண்ணத்தைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. என் மகளுக்கு வாசிக்க வரவில்லை, அது என் வீட்டோடு போகும் என்று நினைத்திருந்தேன். வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்கும் அதை மறக்கடித்துவிட்டேன்.

மறுநாள் நான்கு மணிக்கு வாய்ஸ் அனுப்பவில்லை. நான்கரைக்கு ஒருவர் கேட்டார். ஐந்துக்கு மூன்று பேர் கேட்டார்கள். ஆறேகாலுக்கு மகள் தானாகவே மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். நான் எழுந்து மின்விசிறியைப் போட்டேன், ஜன்னலைத் திறந்தேன்.

"இன்னிக்கு வீடியோ இல்ல" என்றேன்.

"லிஸ்ட்ல என் பேரு வரும்மா."

"வரட்டும்."

அவள் உதடு கோணியது. அழவில்லை. என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

ஏழு ஐந்துக்குப் பட்டியல் வந்தது. அவள் பெயரைத் தவிர இன்னும் பதினொரு பெயர்கள். எல்லாம் என் குரலுக்காகக் காத்திருந்தவர்கள். நான் எழுத ஆரம்பித்தேன். 'என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது' என்று எழுதி அழித்தேன். அவளை ஏன் எல்லோர் முன்னாலும் நிறுத்த வேண்டும்? 'நான் என் மகளுக்கு வாசிக்கக் கற்றுத் தரவில்லை. மனப்பாடம் செய்ய வைத்து வீடியோ எடுத்தேன். கூட்டத்தில் சொன்னதும் அதே முறைதான். யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைகள் தடுமாறியே படிக்கட்டும். மன்னியுங்கள்.' இதை மிஸ்ஸுக்கு மட்டும் அனுப்பலாமா என்று யோசித்தேன். கணவர் வந்தபின் கேட்டுவிட்டு அனுப்பலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் அழுத்திவிட்டது.

ஒருவரும் பதில் எழுதவில்லை. கைதட்டல் இல்லை, கட்டைவிரல் இல்லை. அழித்துவிடலாம் என்று போனை எடுத்தபோது திறந்த ஜன்னல் வழியே கீழிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மேல்வூட்டம்மா இன்னாவோ எயுதிகீது பாருடி. வாய்ஸ் போடலியா? அப்ப நீ படி."

பிறகு அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"நா... ன்... நான். எ... ன்... என். ம... க... மக... ளு... மகளு... க்கு..."

நான் ஒரே அழுத்தில் அனுப்பிய செய்தியை அவள் ஒவ்வொரு எழுத்தாக எடுத்துத் தெருவுக்கே கேட்கும்படி வைத்தாள். எழுந்து ஜன்னலைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. மகள் என் மடியில் கையை ஊன்றி எட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவ நெஜமாவே படிக்கிறாளா?"

"ஆமா."

"நீ எழுதினதையா?"

"ஆமா."

'மனப்பாடம்' என்ற இடத்தில் கீழே குரல் நின்றுவிட்டது. "ம... ன... மன... ப்..." இரண்டு தடவை முயன்றாள். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "அத்த வுட்டுட்டு அடுத்தது படிடி. இன்னான்னு வெளங்கட்டும்."

அந்தப் பெண் விடவில்லை. மறுபடியும் 'ம'விலிருந்து ஆரம்பித்தாள். என் மகள் என் போனை எடுத்து அந்தச் செய்தியைப் பார்த்தாள்.

"இதுல எதும்மா அது?" என்றாள்.